தன் உருவைத் தானே வார்க்கும் நண்டு

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழி நெடுகக் கிளிஞ்சல் கடைகள். சோழி மாலை, சங்கு விளக்கு, சிப்பித் தோரணம், கிளிஞ்சல் பதித்த கண்ணாடிச் சட்டம் என்று அடுக்கி வைத்திருப்பதற்கு நடுவே நண்டுகளும் இருக்கும். மட்டிச் சிப்பியைக் கவிழ்த்து உடலாக்கி, ஒல்லியான சிறு சங்குகளைக் காலாக ஒட்டி, இரண்டு மணிகளைக் கண்ணாக வைத்த கைவேலை நண்டு ஒரு வகை. அச்சில் வார்த்துச் சிவப்புச் சாயம் பூசிய ரெசின் நண்டு இன்னொரு வகை. கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் எழும்பியிருக்கும் விடுதிகளும் வீடுகளும் தங்கள் வரவேற்பறைக்குள் கொஞ்சம் கடலைக் கொண்டுவர ஆசைப்படுகின்றன. பழைய வலை, துடுப்பு, நங்கூரம், கயிறு சுற்றிய விளக்கு, அதோடு சுவரில் ஒரு நண்டு.

இந்த ஆசை எனக்குப் பிடித்திருக்கிறது. நண்டைப் போலச் செய்து பார்ப்பது நமக்குப் புதிதும் அல்ல. தமிழ்க் குழந்தை முதன்முதலில் பார்க்கும் நண்டு கடலில் இருப்பதில்லை. பாட்டியோ அம்மாவோ உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, எல்லோருக்கும் சோறு பங்கிட்டு, பிறகு இரண்டு விரல்களை நண்டாக்கி மணிக்கட்டிலிருந்து அக்குள் வரை ஊர விடுவார்களே, அதுதான். அந்த விரல் நண்டு ஊர்ந்த கூச்சம் உடம்பில் இருக்கிறவர்கள் நாம். நண்டைப் பார்த்ததும் முகம் மலர்வதில் வியப்பில்லை.

ஆனால் நண்டு பொம்மையை வாங்கிச் சுவரில் மாட்டுகிறவர்கள் ஒரு காலை, விடிந்தும் விடியாத நேரத்தில், கொக்கிலமேட்டுப் பக்கமோ தேவனேரிப் பக்கமோ படகுகள் கரையேறும் இடத்துக்குப் போய் வலையிலிருந்து நண்டு கழற்றுவதைப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். கடையில் கண்ட சிவப்பு அங்கே அநேகமாக இருக்காது. நீலக்கால் நண்டின் ஆண், வெள்ளைக் கோலம் போட்ட நீல உடம்போடு வரும். அதன் பெண் பாசி படிந்த பழுப்பு நிறம். மூன்று புள்ளி நண்டின் முதுகில் வெள்ளை விளிம்பிட்ட மூன்று கரும்பொட்டுகள் கண் விழித்ததுபோல் இருக்கும். சிலுவை நண்டின் முதுகில் பழுப்பு வரிகளுக்கு நடுவே வெளிறிய சிலுவைக் குறி. முட்டுக்காட்டு உப்பங்கழியிலும் பாலாற்று முகத்திலும் கிடைக்கும் சேற்று நண்டு கரும்பச்சை.

அப்படியானால் கடை நண்டின் சிவப்பு எங்கிருந்து வந்தது? அடுப்பிலிருந்து. நண்டோட்டில் அஸ்டாசாந்தின் என்ற செந்நிறமி உயிரோடிருக்கும்போதே இருக்கிறது. கடற்பாசி உண்ணும் சிற்றுயிர்களின் வழியாக உணவில் வந்து சேர்வது அது. நண்டின் உடம்பு அந்தச் சிவப்பை ஒரு புரதத்தோடு பிணைத்து வைக்கிறது. பிணைப்பு இருக்கும்வரை அதே நிறமி நீலமாகவும் பச்சையாகவும் தோன்றும். கொதிநீரில் புரதம் குலைந்ததும் சிவப்பு வெளிப்பட்டுவிடுகிறது. ஒரே சாயத்தை முடிச்சுப் போட்டு நீலமாக்கி, கடலடி மணலின் ஒளிக்கும் நிழலுக்கும் ஏற்றபடி உடுத்திவிட்ட கையை என்னவென்று சொல்வது! நாம் அந்த முடிச்சை அவிழ்த்து, வெந்த நண்டின் நிறத்தை நண்டின் நிறம் என்று பழகிவிட்டோம். உயிரோடிருக்கையிலேயே சிவந்திருக்கும் கரைநண்டு ஒன்றும் வங்கக் கடலோரத்தில் உண்டு. ரெசின் நண்டின் மானத்தைக் காப்பாற்றுவது அது ஒன்றுதான்.

நிறத்துக்குப் பிறகு உறுப்புகள். கடையில் வாங்கும்போது கால்களை எண்ணிப் பாருங்கள். இரண்டு கொடுக்கு, எட்டுக் கால், ஆகப் பத்து. நீலக்கால் நண்டும் சேற்று நண்டும் நீந்தக்கூடியவை. அவற்றின் கடைசி இணைக் கால்களின் நுனி கூராக இராது, துடுப்பைப் போல் தட்டையாக விரிந்திருக்கும். ஓட்டின் முன்விளிம்பில், கண்ணுக்கு இரு புறமும் பக்கத்துக்கு ஒன்பது பற்கள். சிலுவை நண்டுக்கு ஆறு. அலங்காரம் என்று நாம் நினைக்கும் ஒவ்வொரு முள்ளுக்கும் பல்லுக்கும் கடலில் ஒரு வேலை இருக்கிறது. சுவரலங்கார நண்டுகளில் பாதி கொடுக்கையும் சேர்த்தே எட்டுக் காலோடு நிற்கின்றன, துடுப்புக் கால் உள்ளது அரிது. செய்தவரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. மூலம் எவ்வளவு நுணுக்கமானது என்று நகல் பிசகும் இடத்தில்தான் தெரிகிறது.

மூலத்துக்கு ஒரு எழுத்துப் பிசகாத நகலும் இந்தக் கரையிலேயே கிடக்கிறது. அதைச் செய்வது நண்டேதான்.

அலை விட்டுச்சென்ற வரியில், பாசிக்கும் சிப்பித் துணுக்குக்கும் நடுவே, முழு நண்டு ஒன்று கிடப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். செத்த நண்டு என்று தாண்டிப் போயிருப்பீர்கள். குனிந்து எடுத்தால் சில வேளை எடையே இராது. பின்பக்கம் மேலோடு மூடி திறந்ததுபோல் தூக்கிக்கொண்டிருக்கும். உள்ளே சதை இல்லை, நாற்றமும் இல்லை. அது பிணமல்ல, கழற்றிய சட்டை. சட்டைக்குரிய நண்டு உயிரோடு, முன்னைவிடப் பெரியதாகக் கடலுக்குள் எங்கோ இருக்கிறது.

நண்டின் ஓடு கைட்டின் என்னும் நார்ப்பொருளும் புரதமும் சேர்ந்த விரிப்பில் சுண்ணாம்பு ஏறி இறுகியது. இறுகியது வளராது. உள்ளிருக்கும் உடம்பு வளர வேண்டுமானால் கவசத்தை விட்டு வெளியேறியே ஆக வேண்டும். அதற்கான ஏற்பாடு பல நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடும். பழைய ஓட்டுக்கு அடியில் புதிய ஓடு மெல்லிய தோலாக, மடிந்தும் சுருங்கியும் உருவாகிறது. பழைய ஓட்டின் உட்பக்கம் கரைந்து, அதிலுள்ள சத்தில் ஒரு பகுதியை உடம்பு திரும்ப எடுத்துக்கொள்கிறது. இவையெல்லாம் எப்போது நடக்க வேண்டும் என்ற கட்டளை எங்கே இருக்கிறது தெரியுமா? கண்ணைத் தாங்கும் காம்பில். ஓடு கழற்றுவதைத் தடுத்து வைக்கும் சுரப்பு அங்கிருந்துதான் வருகிறது. அது குறையும்போது உடம்பில் இன்னொரு சுரப்பி விழித்துக்கொண்டு வேலையைத் தொடங்குகிறது. பார்க்கும் உறுப்பின் தண்டிலேயே காலக்கணிப்பையும் வைத்திருக்கிறான் படைத்தவன்.

என்னை நெடுநாள் திகைக்க வைத்தது கொடுக்கு. கொடுக்கின் உள்ளங்கைப் பகுதி பருத்தது, உடலோடு சேரும் கணு குறுகியது. அவ்வளவு சதையும் அந்தக் குறுகிய கணு வழியாக எப்படி வெளியே வரும்? வரும் நாள் நெருங்கும்போது நண்டு தன் கொடுக்குச் சதையைத் தானே கரைத்து மெலிய வைக்கிறது. வெளியே வந்தபின் திரும்ப வளர்த்துக்கொள்கிறது. தன் வலிமையையெல்லாம் தேக்கி வைத்திருக்கும் உறுப்பை, வளர்ச்சிக்காக வலிந்து மெலிவித்துக்கொள்ளும் அந்தத் துணிவை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது.

நேரம் வந்ததும் நண்டு நீரை உறிஞ்சி உடம்பை உப்ப வைக்கும். மேலோட்டுக்கும் வயிற்று மடிப்புக்கும் நடுவிலுள்ள பின்வரி பிளந்து திறக்கும். அந்த வாசல் வழியாகப் பின்னோக்கி நழுவி வெளியே வரும். எட்டுக் காலையும் இரண்டு கொடுக்கையும் உறைக்குள்ளிருந்து உருவுகிறது. கண்ணின் மேலுறையைக் கழற்றுகிறது, உணர்கொம்பின் உறையைக் கழற்றுகிறது, செவுளின் ஒவ்வொரு இதழையும் மூடியிருந்த மெல்லிய படலத்தைக்கூடக் கழற்றுகிறது. இதோடும் முடிவதில்லை. நண்டின் இரைப்பைக்குள் உணவை அரைக்கும் பற்கள் உண்டு. அவற்றையும் இரைப்பையின் உள்வரியோடு சேர்த்துப் பழைய ஓட்டிலேயே விட்டுவிட்டு வருகிறது. அகமும் புறமும் சேர்ந்த முழு நகல். எந்த அச்சில் வார்த்து எடுப்போம் இதை? கண்ணின் பளபளப்பு முதல் வயிற்றுக்குள் இருந்த பல் வரை எதுவும் விடுபடாமல், ஒட்டுக் குறி இல்லாமல், ஒற்றைத் துண்டாகக் கிடக்கிறது. மாமல்லபுரத்தில் ஒற்றைப் பாறையில் குடைந்த ரதங்களைச் சுற்றி வந்துவிட்டு இந்த வெற்றோட்டைக் கையில் எடுத்துப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதாகப் புரியும்.

வெளியே வந்த நண்டு பஞ்சுபோல் இருக்கும். கொடுக்கால் எதையும் பிடிக்க முடியாது, மீன் வந்தால் தப்பவும் முடியாது. மணலுக்குள்ளோ பாறை இடுக்கிலோ ஒளிந்துகொண்டு மேலும் நீர் குடித்து, சுருங்கிக் கிடந்த புதுத் தோலைச் சுருக்கம் நீங்க விரிக்கும். கடல்நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பை ஈர்த்து அந்தத் தோலை இறுக்கும். இறுகிய பிறகு உள்ளே நீரின் இடத்தில் மெல்ல மெல்லச் சதை நிரம்பும். சந்தையில் கனமாகத் தெரிந்த நண்டை வீட்டில் உடைத்தால் தண்ணீராக வடிவது இதனால்தான்.  சதையற்ற நண்டு பெரும்பாலும் அண்மையில் சட்டை கழற்றியதாக இருக்கும். இழந்த காலும் இந்த முறையில்தான் திரும்பி வருகிறது. எதிரி பிடித்த காலை, அதற்கென்றே அமைந்த கணுவில் முறித்துக் கொடுத்துவிட்டு நண்டு ஓடிவிடும். அந்த இடத்தில் சிறு மொட்டு அரும்பி, அடுத்தடுத்த சட்டை கழற்றல்களில் முழுக் காலாகும். ஒரு கொடுக்கு பெரிதும் மறு கொடுக்கு மிகச் சிறிதுமாக ஒரு நண்டு கிடைத்தால் ஊனம் என்று ஒதுக்காதீர்கள். அநேகமாக, மீண்டு வந்துகொண்டிருக்கும் உடம்பு அது.

நண்டைப் போலச் செய்து பார்த்தவர்களில் பெரிய பெரிய கைகள் உண்டு. கி.மு. 13-12 வாக்கில் ரோமானியர்கள் எகிப்தின் பழைய கல்தூண் ஒன்றை அலெக்சாந்திரியாவில் நிறுத்தினார்கள். அடிமூலைகள் உடைந்திருந்த அந்தத் தூணைத் தாங்க நான்கு வெண்கல நண்டுகளை வார்த்து வைத்தார்கள். அவற்றில் மிஞ்சிய இரண்டு இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1881-இல் தூணை அந்நகருக்குக் கொண்டுபோய்ச் சென்ட்ரல் பார்க்கில் நிறுத்தியபோது புதிய நண்டுகளை வார்த்துத்தான் அடியில் கொடுத்தார்கள். 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியின் பதுவா நகரத்து வார்ப்பர்கள் உண்மை நண்டையே கருவாக வைத்து அச்செடுத்து வெண்கலத்தில் இறக்கினார்கள். ஜப்பானில் கவசம் செய்யும் கொல்லர்கள், கால் கணுக்கள் மடங்கி நிமிரும் இரும்பு நண்டுகளை அடித்தார்கள். கவசக் கொல்லர்களுக்கு நண்டின் மேல் கண் போனது மிகப் பொருத்தம் என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்தில் கும்பகோணம் அருகே திருந்துதேவன்குடியில் கற்கடகேஸ்வரர் கோயில் இருக்கிறது. நண்டாங்கோயில் என்றால்தான் ஊருக்குத் தெரியும். நண்டு உருவில் இருந்த ஒருவன் தாமரைப் பூ எடுத்துவந்து சிவனைப் பூசித்தான், இந்திரன் அவனை அடிக்க ஓங்கியபோது லிங்கமே வளை தந்து நண்டை உள்ளே ஏற்றுக்கொண்டது என்பது தலபுராணம். கடக ராசிக்காரர்கள் இன்றும் தேடிப் போகும் கோயில். சிலுவை நண்டுக்கும் ஒரு கதை இருக்கிறது. 1545-இல் மயிலாப்பூரில் தங்கிவிட்டுக் கிழக்கே மொலுக்கத் தீவுகளுக்குப் போன பிரான்சிஸ் சவேரியார் அங்கே புயலில் சிலுவையைக் கடலில் இழந்தார், கரையேறியதும் ஒரு நண்டு அதைக் கொடுக்கில் ஏந்திவந்து கொடுத்தது என்று கத்தோலிக்கர்கள் சொல்வார்கள். பூ ஏந்திய நண்டு, சிலுவை ஏந்திய நண்டு. கொடுக்கை ஆயுதமாகப் பார்க்காமல், ஏந்திக் கொடுக்கும் கையாகப் பார்த்த பக்தர்களை நான் வணங்குகிறேன்.

சங்கப் புலவர்களின் கண் இன்னும் கூர்மை. ஐங்குறுநூற்றின் மருதத்தில் ஓரம்போகியார் பாடியவற்றுள் ஒரு பத்து முழுக்க நண்டுக்கே உரியது. காம்பின்மேல் நிமிர்ந்த நண்டின் கண்ணை வேம்பின் மொட்டோடு ஒப்பிட்டார்கள் அந்தக் காலத்தவர். வெண்மணலில் வளை தோண்டி வாழும் கரைநண்டை மாமல்லபுரத்து மணலில் அசையாமல் உட்கார்ந்து பார்த்தால் அந்த உவமையின் நியாயம் தெரியும். வளைவாயில் முதலில் எழுவது அந்த மொட்டுகள்தான். உடம்பு இன்னும் குழிக்குள் இருக்க, கண் மட்டும் சுற்றிலும் பார்க்கிறது. நம் நிழல் விழுந்த கணமே மறைகிறது. இந்த நண்டு செவுளால் மூச்சு விடுவது, ஆனால் வாழ்வது நிலத்தில். செவுள் நனைந்திருக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு முறையும் அலைக்குள் இறங்க வேண்டியதில்லை. கால்களின் அடியில் உள்ள மயிர்க்கற்றையை ஈர மணலில் அழுத்தி உட்கார்ந்தால் போதும், மணல் இடுக்கின் நீர் கற்றை வழியாக ஏறிச் செவுளுக்குப் போய்விடும். பெருங்கொடுக்கின் உட்பக்கத்தில் ஒரு வரிசை வரப்புகள் உண்டு. அவற்றைக் கொடுக்கின் அடிக்கணுவில் உரசி ஒலி எழுப்பித் தன் வளையைக் காக்கிறது. ஆமைக் குஞ்சு பொரிக்கும் மாதங்களில் இதே நண்டு குஞ்சுகளைப் பிடித்துத் தின்னவும் செய்யும். அதற்கும் பசி கொடுத்தவன் படைத்தவனே.

இந்த வளைகளின் எண்ணிக்கையைக் கொண்டு கரையின் நலத்தை அளக்கும் வழக்கம் உலகம் முழுவதும் ஆய்வாளர்களிடம் இருக்கிறது. வண்டி ஏறும் மணலில், கல் கொட்டிச் சுவர் கட்டிய கரையில் வளை குறையும். கடல் அலங்காரத்துக்குச் செலவழிக்கும் விடுதிகள் தம் முன்னிருக்கும் மணலில் வளை எத்தனை என்று ஒருமுறை பார்த்தால் நன்றாக இருக்கும்.

அலங்காரத்துக்கு உண்மைச் சங்கையும் சிப்பியையும் அள்ளி வருவதைவிட நண்டின் நகலை வைப்பது நல்லது என்று நான் உறுதியாகச் சொல்வேன். துறவி நண்டுக்குப் பின்னுடல் மென்மையானது. அந்தப் பகுதிக்குச் சொந்தமாக ஓடு கிடையாது. இறந்த சங்கின் வெற்றுக்கூட்டுக்குள் வயிற்றைச் சுருட்டி நுழைத்துக்கொண்டு அதையே வீடாக இழுத்துத் திரிகிறது. வளர வளரப் பெரிய கூடு தேட வேண்டும். நாம் அழகுக்காகக் கூடையில் போட்டு எடுத்துவரும் வெற்றுச் சங்கு ஒவ்வொன்றும் அதற்கு ஒரு காலி வீடு. பல சங்கினங்களையும் பவளங்களையும் 2001-இல் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்தார்கள். சட்டம் தொடாத சாதாரணச் சங்கையும் மணலிலேயே விட்டுவருவதுதான் அந்தச் சிறு குடித்தனக்காரனுக்கு நாம் செய்யும் மரியாதை.

நகல் என்றால் கல்லில் செய்ததை வாங்குங்கள். 1957-இலிருந்து சிற்பக் கல்லூரி நடக்கும் ஊர் இது. 2017-இல் மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அர்ச்சுனன் தபசுப் பாறையில் பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானையும், முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்யும் பூனையையும் செதுக்கியவர்கள் விலங்கை அதன் வாழ்விடத்தில் வைத்துப் பார்த்தவர்கள். அந்த ஊர் உளிக்கு நண்டு கடினமான வேலை. மெல்லிய கால்களைத் தனித்தனியே நீட்டினால் கல் முறியும். கால்களை மடித்து உடலோடு அணைத்து வைத்தாக வேண்டும். சேற்றில் பாதி புதைந்து ஓய்வெடுக்கும் கழிநண்டு அப்படித்தான் இருக்கும் என்பதால், கல்லின் கட்டுப்பாடு இங்கே உண்மைக்கே கொண்டுபோய் விடுகிறது. அப்படியொரு நண்டு கிடைத்தால் சுவரின் நடுவில் முத்திரைபோல் அறையாமல், தரையோரமாக, ஒரு மூலையை நோக்கிப் பக்கவாட்டில் நகர்வதுபோல் வையுங்கள்.

சிற்பிகளிடம் எனக்கு ஒரு விண்ணப்பமும் உண்டு. நண்டைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தையும் செதுக்குங்கள். ஆணின் வயிற்று மடிப்பு ஒடுங்கிக் கூம்பியிருக்கும், முதிர்ந்த பெண்ணுடையது அகன்று வளைந்திருக்கும். அந்த அகன்ற மடிப்புக்குள்தான் சேற்று நண்டின் தாய் பத்து லட்சத்துக்கும் மேலான முட்டைகளைப் பற்றிவைத்து, நீர் விசிறிக் காக்கிறாள். உப்பங்கழியில் வளர்ந்தவள் முட்டைகளோடு கடலுக்குப் போவாள். முட்டுக்காட்டில் மணல்திட்டு எழும்பி முகத்துவாரத்தை அடைக்கும் காலங்களில் அந்த வழி அவளுக்கு மூடிக்கொள்கிறது. வழி திறந்திருந்து அவள் போய்ச் சேர்ந்தால், பொரிந்து வருவது நண்டு போலவே இராது. பெரிய கண்கள், முதுகில் ஒரு நெடுமுள், நெற்றியில் ஒரு முள், பின்னால் வால். கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் இந்த ஜோயியா உயிர், நீரில் மிதந்தபடி ஐந்து கட்டங்களாகச் சட்டை கழற்றி, பிறகு கொடுக்கும் வாலும் சேர்ந்த மெகலோப்பா என்ற இடைவடிவம் எடுத்து, ஏறத்தாழ ஒரு மாதத்தில் வாலை வயிற்றடியில் மடித்துக்கொண்டு நண்டாகிறது. ரெசினிலோ கண்ணாடியிலோ அந்த முள்முடி தரித்த குழந்தையை யாராவது செய்து வைத்தால், மாமல்லபுரம் கடைவீதியில் நான் முதலில் வாங்குவது அதைத்தான்.